நிற்கும் வண்டிக்குக் காவல் யார்?

2010ஆம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் மின்சாரக் காரில், விலை கூடிய ரகத்துக்கு மட்டும் ஒரு சிறப்பு இருந்தது. பின்கண்ணாடிக்கு மேலே நீண்டிருக்கும் விளிம்பில் சிறிய சூரிய மின்தகடு ஒன்றைப் பதித்திருந்தார்கள். வெயிலிலேயே கொஞ்ச தூரம் ஓடும் போலிருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். காரின் ஓட்டத்துக்கும் அந்தத் தகட்டுக்கும் தொடர்பே இல்லை. பானெட்டைத் திறந்தால் தெரியும் சாதாரண 12 வோல்ட் பேட்டரிக்கு, எந்தப் பெட்ரோல் காரிலும் இருக்கும் அதே ஈய பேட்டரிக்கு, சிறிது சிறிதாக மின்சாரம் ஊட்டுவதுதான் அதன் வேலை. இருக்கைகளுக்கு அடியில் 24 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி கிடக்கிறது. பானெட்டுக்குள் இருப்பது அரை யூனிட் சமாச்சாரம். பெரியதைக் கொண்டு சிறியதை நாற்பது முறைக்கு மேல் நிரப்பலாம். கிணற்றடியில் குடியிருந்துகொண்டு குடத்தில் மழைநீர் பிடிப்பதைப் போன்ற இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? விடையைத் தேட நூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. இரண்டு மூன்று வாரம் வண்டியை எடுக்காமல் வெளியூர் போய்த் திரும்பினால் கதவே திறப்பதில்லை. பெரிய பேட்டரியில் முக்கால்வாசிக்கு மேல் சார்ஜ் இருந்தும் வண்டி உயிரற்றுக் கிடக்கிறது. சின்ன பேட்டரி இறங்கிவிட்டது. பழைய காலத்து ஈய பேட்டரியைப் புதுக் காரில் வைத்தது தயாரிப்பாளர்களின் கஞ்சத்தனம் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் பேட்டரியின் வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது எனக்குப் படுவது வேறு. வண்டியில் பேட்டரி இருந்தால் அதைச் சுற்றி இரண்டு வேலைகள் இருக்கும். மின்சாரம் தருவது ஒன்று, நிற்கும்போது அது இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதைப் பேட்டரியே செய்துவிடும். இரண்டாவதை வேறு யாராவது செய்தாக வேண்டும். அந்தக் காவல் வேலை முதலில் ஆட்களிடம் இருந்தது. பிறகு எஞ்சினிடம் போனது. கடைசியில் எஞ்சினைக் கழற்றியபோது, அது பார்த்துவந்த காவலை யாரிடமும் சரியாக ஒப்படைக்கவில்லை. நின்ற காரில் சின்ன பேட்டரி சாவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பிரான்ஸின் காஸ்தோன் பிளாந்தே 1859இல் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியைச் செய்துகாட்டினார். 1881இல் கமில் ஃபோர் அந்தத் தகடுகளில் ஈய ஆக்சைடுப் பசையைப் பூசி, தொழிற்சாலையில் செய்து விற்கும் பொருளாக அதை மாற்றினார். அதன் குணம் அன்றும் இன்றும் ஒன்றுதான். மின்சாரம் இறங்க இறங்கத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படியும். சீக்கிரம் சார்ஜ் போட்டால் அது கரைந்துவிடும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் படிகங்கள் பெருத்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. எதையும் இணைக்காமல் சும்மா வைத்திருந்தாலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக இறங்கும். கறவை மாட்டைப் போல, வேலை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதை அன்றாடம் கவனித்தாக வேண்டும்.

முதல் தலைமுறை மின்சார வண்டிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1897 ஆகஸ்டில் லண்டன் தெருக்களில் வால்டர் பெர்சி வடிவமைத்த மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. அதே ஆண்டு நியூயார்க்கிலும், பிலடெல்ஃபியாக்காரர்களான மோரிஸ், சாலோம் இருவரின் வடிவமைப்பில் வந்த வண்டிகள் வாடகைக்கு ஓடின. இரண்டு ஊர்களிலும் வண்டியோட்டி பேட்டரியைத் தொடுவதில்லை. வண்டி நிலையத்துக்குத் திரும்பியதும் அரை டன்னுக்கு மேல் எடையுள்ள பேட்டரிப் பெட்டியை இயந்திரத் தூக்கிகள் வெளியே இழுத்துவிட்டு, நிரம்பிய வேறொன்றை உள்ளே தள்ளும். இறங்கிய பெட்டி சார்ஜ் அறைக்குப் போகும். அங்கே ஒவ்வொரு செல்லாகத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்து, ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். லண்டன் முயற்சி 1899இல் முடிந்துபோனது, நியூயார்க் நிறுவனம் 1907வாக்கில் சரிந்தது. தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. குலுங்கும் தெருக்களில் தகடுகளின் பசை உதிர்ந்ததும், இந்தக் காவலுக்கு ஆன செலவும் அவற்றில் முக்கியமானவை. ஆனாலும் நின்ற வண்டியின் பேட்டரி யாருடைய பொறுப்பு என்ற கேள்வி அந்த அமைப்பில் எழவே வழியில்லை. நிற்பது என்றாலே நிலையத்தின் கையில் இருப்பது என்றுதான் பொருள்.

சொந்தமாக மின்சாரக் கார் வாங்கிய அமெரிக்க நகரத்துப் பணக்காரர்களும் ஏறக்குறைய அப்படியே செய்தார்கள். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டியை நிறுத்திவைத்து, கழுவி, சார்ஜ் போட்டு, காலையில் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடும் கராஜ்கள் இருந்தன. வீட்டிலேயே சார்ஜ் போட விரும்பியவர்களுக்குப் பாதரச ஆவி விளக்கின் வழியாக மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் கருவி கிடைத்தது. பீட்டர் கூப்பர் ஹெவிட் 1902இல் கண்டுபிடித்தது அது. நீல ஒளி சிந்தும் அந்தக் கண்ணாடிக் குடுவையை வைத்துப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் ஒருவர் தேவைப்பட்டார். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டிய டெட்ராய்ட் எலெக்ட்ரிக் போன்ற கார்கள் இந்தக் கவனிப்பில்தான் ஓடின. இரண்டாவது பேட்டரி என்ற பேச்சே இல்லை. வண்டியின் மின்னழுத்தம் பெரும்பாலும் நூறு வோல்ட்டுக்கு உட்பட்டது. கதவைத் திறக்கவோ வண்டியை விழிக்கச் செய்யவோ மின்சாரம் தேவையில்லை. நிறுத்தினால் நின்றது, அவ்வளவுதான்.

தாமஸ் எடிசன் 1901இல் அறிவித்து, பழுதுகளால் திரும்பப் பெற்று, 1909வாக்கில் மறுபடி கொண்டுவந்த நிக்கல்-இரும்பு பேட்டரியை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மின்சாரக் கார்களுக்காகவே அவர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது அது. விலை அதிகம், குளிரில் சோர்ந்துபோகும். ஆனால் ஈயத்துக்கு இல்லாத ஒரு நல்ல குணம் அதற்கு இருந்தது. முழுக்க இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் மூலையில் போட்டு வைத்தாலும் கெடாது. கவனிப்பாரற்று நிற்கும் வண்டிக்கு ஏற்ற பேட்டரி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அன்றைக்கு அதுதான். ஆனால் ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளித்தர அதனால் முடியாது. கார்கள் அப்போது பேட்டரியிடம் கேட்கத் தொடங்கியது சரியாக அதைத்தான்.

கேட்டவர் சார்லஸ் கெட்டரிங். ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியபோது அவர் கற்ற பாடம் எளிமையானது: சில நொடிகள் மட்டும் வேலை செய்யும் மோட்டாரை அதன் சக்திக்கு மீறி ஓட்டலாம். அதே பாடத்தை எஞ்சினுக்குக் கொண்டுபோனார். அவருடைய டெல்கோ நிறுவனம் செய்த செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக்கில் வந்தது. கையைப் பதம்பார்த்த கிராங்க் கம்பியை ஓரங்கட்டி, பெட்ரோல் காரை எல்லாரும் ஓட்டக்கூடியதாக்கி, மின்சாரக் காரின் முக்கியமான சாதகத்தைப் பறித்தது என்று வரலாற்றாசிரியர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். என் கவனத்தை ஈர்ப்பது அந்த அமைப்பின் இன்னொரு பாதி. கெட்டரிங்கின் கருவி எஞ்சினைச் சுழற்றும்போது மோட்டார், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டைனமோ. 24 வோல்ட்டாகச் சேர்ந்து எஞ்சினைக் கிளப்பிய செல்கள், பிறகு 6 வோல்ட் தொகுதிகளாகப் பிரிந்து அதே கருவியிடமிருந்து மின்சாரத்தைத் திரும்பப் பெற்றன. எடுத்த கடனை எடுத்த கையோடு அடைக்கும் ஏற்பாடு இது. பேட்டரி அறைக்காரர், கராஜ் பையன், பாதரசக் குடுவை எல்லாருடைய வேலையும் எஞ்சினின் தலையில் வந்து விழுந்தது. ஒரே நொடியில் பெரும் மின்னோட்டம் தர ஈயமே சிறந்தது என்பதால் ஈயம் வென்றது. எஞ்சினைக் கிளப்புவது, விளக்கெரிப்பது, தீப்பொறி தருவது என்ற மூன்று வேலைகளுக்கென்று ஒரு பேட்டரி ரகமே பிறந்தது. இன்றைய மின்சாரக் காரின் பானெட்டுக்குள் இருப்பது அந்த ரகத்தின் நேர் வாரிசு.

நிற்கும் வண்டியின் ஆபத்தை அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மறந்துவிடவில்லை. டைனமோ நின்றுவிட்டால் பேட்டரியின் மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் பாய்ந்து, பேட்டரி ஒரே இரவில் காலியாகும். அதைத் தடுக்க ஒரு ரிலே வைத்தார்கள். நம் ஊர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் கட்-அவுட் என்று சொல்லும் அந்தச் சின்னப் பெட்டிதான் நிற்கும் வண்டிக்கு வந்த முதல் இயந்திரக் காவலாளி. ஃபோர்டின் மாடல் டி காருக்கு 1919இல் ஸ்டார்ட்டர் வந்தபோது அதோடு டாஷ்போர்டில் அம்மீட்டரும் வந்தது. முள் ஒரு பக்கம் சாய்ந்தால் பேட்டரி நிரம்புகிறது, மறுபக்கம் சாய்ந்தால் இறங்குகிறது. ஓட்டுபவர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இதே சிக்கலை ரயில்காரர்கள் அதற்கும் முன்பே சந்தித்திருந்தார்கள். லண்டனின் ஜே. ஸ்டோன் நிறுவனம் 1890களில், பெட்டியின் அச்சிலிருந்து பெல்ட் போட்டு டைனமோவைச் சுழற்றி, பேட்டரியை நிரப்பி, அதைக்கொண்டு பெட்டிக்கு விளக்கேற்றும் முறையைக் கொண்டுவந்தது. இந்திய ரயில்களிலும் அந்த முறை நெடுங்காலம் நிலைத்தது. பழைய பயணிகள் வண்டிகள் நிலையத்தில் அதிக நேரம் நின்றால் விளக்குகள் மங்கி மஞ்சளாகும், கிளம்பி வேகமெடுத்ததும் மறுபடி வெளுக்கும். ஓடும்போது நிரம்பு, நிற்கும்போது செலவழி என்ற கணக்கை அந்த மஞ்சள் வெளிச்சத்திலேயே பார்க்கலாம்.

அடுத்த ஐம்பது ஆண்டுகள் அமைதியாகவே கழிந்தன. 1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. 1960இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வந்தது. அதன் டையோடுகள் மின்சாரத்தைத் திரும்பிப் பாயவிடாததால் கட்-அவுட் தேவையற்றுப்போனது. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் டைனமோக்களையும் ஸ்டார்ட்டர்களையும் இங்கேயே செய்து இறக்கியது. நம் ஊரில் பேட்டரி சார்ஜ் போடும் கடைகள் பெருகின. வரிசையாகப் பேட்டரிகளை அடுக்கி, மூடிகளைத் திறந்துவைத்து, ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, ‘டிஸ்டில் வாட்டர்’ ஊற்றிக் கொடுக்கும் கடைக்காரர், நியூயார்க் பேட்டரி அறை ஆளின் வழிவந்தவர்தான். பேட்டரி இறங்கினாலும் பெரிய துயரம் இல்லை. நான்கு பேர் சேர்ந்து தள்ளினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிறகு அதுவே பேட்டரியை நிரப்பிவிடும். முக்கியமாக, அன்றைய வண்டி நின்றால் உண்மையிலேயே தூங்கியது. ஹெட்லைட்டை அணைக்க மறந்தால் தவிர, நிறுத்திய வண்டியில் மின்சாரம் குடிப்பது அநேகமாக எதுவும் இல்லை.

அந்தத் தூக்கம் மெல்ல மெல்லக் கலைந்தது. முதலில் மின்கடிகாரம். பிறகு ரேடியோவின் நினைவகம், திருட்டு எச்சரிக்கை மணி, எஞ்சின் கணினி, சாவியின் சமிக்ஞைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும் ரிசீவர். 1986இல் போஷ் நிறுவனம் காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான கேன் இணைப்பை அறிமுகப்படுத்தியது. 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆன்ஸ்டார் சேவையைத் தொடங்கியது முதல் காருக்குள் ஒரு தொலைபேசியும் குடியேறியது. இவை ஒவ்வொன்றும் சிறியவை. பெட்ரோல் காரில் எஞ்சின் தினமும் ஓடி இந்தச் சில்லறைக் கடன்களை அடைத்துக்கொண்டிருந்ததால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இதே காலத்தில் டாஷ்போர்டிலிருந்து அம்மீட்டர் மறைந்து, ஒரு சிவப்பு விளக்கு அந்த இடத்துக்கு வந்தது. அந்த விளக்கு டைனமோவோ ஆல்டர்னேட்டரோ கெட்டால் எரியும். நிற்கும் வண்டியில் என்ன இறங்குகிறது என்று அதனால் சொல்ல முடியாது. செலவு கூடிய அதே காலத்தில் கணக்குப் புத்தகத்தையும் மூடிவிட்டார்கள். இந்த வரலாற்றில் மிகப்பெரிய பிழை இதுதான் என்பேன்.

1997 டிசம்பரில் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் காரான டொயோட்டா பிரியஸ் வந்தபோது 12 வோல்ட் காலத்தின் இந்தச் சொத்து முழுவதும் அதற்குக் கைமாறியது. 288 வோல்ட் பேட்டரி ஒன்று, அதோடு டிக்கியில் தனியாக ஒரு 12 வோல்ட் ஈய பேட்டரி. எஞ்சினைக் கிளப்பும் வேலை பெரிய பேட்டரிக்குப் போய்விட்டது, சின்னதுக்கு மிஞ்சியது கணினிகளை எழுப்பும் வேலை மட்டும். ஆனாலும் சின்னது செத்தால் பெரியது பயனற்றுக் கிடக்கும். லீஃபும் அதன் பின் வந்த பெரும்பாலான மின்சாரக் கார்களும் இதையே பின்பற்றின. உயர் மின்னழுத்தப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் கான்டாக்டர் எனப்படும் கனமான சுவிட்சுகள் இருக்கின்றன. வண்டியை அணைத்ததும் அவை திறந்துகொள்ள, பெரிய பேட்டரி காரின் மற்ற பகுதிகளிலிருந்து முற்றாகத் துண்டிக்கப்படும். அவற்றை மூடும் சக்தி 12 வோல்ட்டிலிருந்துதான் வர வேண்டும். மூடிய பிறகே, உயர் மின்னழுத்தத்தை 14 வோல்ட் அளவுக்கு இறக்கித் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர், சின்ன பேட்டரியை நிரப்பும். களஞ்சியத்துச் சாவி வாசல்காரன் கையில் இருக்கிறது, வாசல்காரனுக்குச் சோறு களஞ்சியத்துக்குள் இருக்கிறது. அவன் பசியில் மயங்கி விழுந்துவிட்டால் நெல் நிறைந்திருந்தும் அடுப்பெரியாது.

கணக்கைப் பாருங்கள். சின்ன பேட்டரியின் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். நின்ற வண்டி 50 மில்லி ஆம்பியர் குடித்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. பாதி இறங்க மூன்று வாரம்கூட ஆகாது. மொபைல் செயலியில் ஒரு தடவை வண்டியின் நிலையைப் பார்த்தால் கணினிகள் விழித்துக்கொண்டு பல மடங்கு கூடுதலாக இழுக்கும். ஒரு நாளில் பத்து முறை பார்ப்பவர் தன் வண்டியைத் தானே பட்டினி போடுகிறார். ஒரு நொடியில் முந்நூறு ஆம்பியர் தருவதற்கென்று மெல்லிய தகடுகளோடு பிறந்த பேட்டரி, எடிசனின் பேட்டரியை வென்றதற்கு இருந்த முக்கியக் காரணம் மறைந்துபோன பிறகும், துளித்துளியாய் வாரக்கணக்கில் மின்சாரம் தரும் இரவுக் காவல் வேலையில் நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்த வேலையைத்தான் அது மோசமாகச் செய்யும். லீஃபின் கூரை விளிம்பில் இருந்த சூரியத் தகடு, இந்தச் சிக்கலை நிசான் பொறியாளர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று.

அப்படியானால் சின்ன பேட்டரியை அடியோடு எடுத்துவிட்டுப் பெரியதிலிருந்தே எல்லாவற்றுக்கும் மின்சாரம் எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கின் காலத்துக்கும் இன்றைக்கும் இடையே மின்னழுத்தம் பல மடங்கு ஏறியிருக்கிறது. 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரத்தை உயர் மின்னழுத்தம் என்று ஐ.நா.வின் வாகன விதிகள் வகைப்படுத்துகின்றன, இன்றைய கார்கள் 400, 800 வோல்ட்டில் ஓடுகின்றன. விபத்தில் நொறுங்கிய காரைத் தொடும் தீயணைப்பு வீரரின் உயிர், அந்தக் கான்டாக்டர்கள் திறந்துகொள்வதில் இருக்கிறது. அவை திறந்த பிறகும் எச்சரிக்கை விளக்கு மின்ன வேண்டும், பூட்டு திறக்க வேண்டும். ஓடும் காரில் பெரிய பேட்டரி திடீரெனத் துண்டிக்கப்பட்டால் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் துணை மின்சாரம் இருந்தாக வேண்டும். இரண்டாவது சேமிப்பு ஒன்று காரில் இருந்தே தீர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது எந்த ரகமாக இருக்க வேண்டும், அதற்கு யார் காவல் என்பவைதான் திறந்த கேள்விகள்.

ரகத்தை மாற்றினால் போதும் என்பது அடுத்த வாதம். டெஸ்லா 2021 முதல் தன் கார்களில் ஈயத்துக்குப் பதிலாகச் சிறிய லித்தியம் பேட்டரியை வைக்கத் தொடங்கியது. 2023இல் வந்த சைபர்ட்ரக்கில் 12 வோல்ட்டையே விட்டு 48 வோல்ட்டுக்குப் போனது. இது நல்ல மாற்றம், ஏனென்றால் லித்தியத்துக்குச் சல்பேட் நோய் இல்லை, திரும்பத் திரும்ப இறங்கி ஏறினாலும் ஈயத்தைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் காவல் இல்லாவிட்டால் லித்தியமும் இறங்கும். ஆழமாக இறங்கிய லித்தியத்தை, பாதுகாப்பு கருதி அதன் கட்டுப்பாட்டுச் சுற்றே பூட்டிவிடும். ஆள் திறமையானவன் என்பதற்காகச் சாப்பாடு போடாமல் விட முடியாது.

பெட்ரோல் கார்களிலும் பேட்டரிதானே சாகிறது, மின்சாரக் காரை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்றும் கேட்கலாம். ஜெர்மனியின் ஏடிஏசி வாகன ஓட்டுநர் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் பழுதுக் கணக்கில் 12 வோல்ட் பேட்டரிதான் நெடுங்காலமாக முதலிடத்தில் இருக்கிறது. மின்சாரக் கார்களிலும் அதுவே முதல் காரணம். இந்தத் தகவல் என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது என்றே நினைக்கிறேன். நின்ற பெட்ரோல் காருக்குள் தானாக மின்சாரம் வர வழியில்லை, எஞ்சின் ஓடினால்தான் உண்டு. 2020 மார்ச் ஊரடங்கில் தெருவெங்கும் கார்கள் முடங்கியபோது, வாரத்துக்கு ஒருமுறையாவது எஞ்சினை ஓடவிடுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள், அதற்கு மேல் கார் தானாகச் செய்துகொள்வதற்கு ஒன்றுமில்லை. மின்சாரக் காரோ மாதக்கணக்கில் தன்னைத் தானே ஊட்டிக்கொள்ளும் அளவு மின்சாரத்தை வயிற்றில் வைத்திருக்கிறது. எஞ்சினைப் போலச் சத்தம் போடாமல் அதைச் சின்ன பேட்டரிக்குக் கொடுக்கும் வழியும் அதற்கு இருக்கிறது. அப்படியிருந்தும் இந்தத் தலைமுறையில் முதலில் வந்த மின்சாரக் கார்களில் பல, ஓடும்போதோ சார்ஜ் ஏறும்போதோ மட்டுமே சின்ன பேட்டரியை நிரப்பின. ஓடும்போது நிரம்பு என்ற எஞ்சின் காலத்துப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

திருத்தம் மென்பொருளில் வந்தது. நின்ற கார் தன் சின்ன பேட்டரியின் அளவை அவ்வப்போது பார்த்து, குறைந்திருந்தால் கான்டாக்டரை மூடி, சிறிது நேரம் நிரப்பிவிட்டு மறுபடி தூங்கும். ஹூண்டாய் கார்களின் கையேட்டில் இதற்குத் தனிப் பெயரே உண்டு, வேறு பல நிறுவனங்களும் ஏதோவொரு வடிவில் செய்கின்றன. பேட்டரி அறை ஆள் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சில வரி நிரலாகத் திரும்பி வந்துவிட்டார். இதோடு கதை முடிந்தது என்று சொல்ல முடியாது. காவலாளியும் நோயில் விழலாம். 2024 மார்ச்சில் ஹூண்டாய், ஜெனிசிஸ் கார்கள் தொண்ணூற்றெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். சின்ன பேட்டரியை நிரப்பும் ஒருங்கிணைந்த சார்ஜ் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பழுது. அந்த ஆண்டு ஜூனில் அதே காரணத்துக்காக இந்தியாவிலும் 1,744 ஐயோனிக் 5 கார்கள் அழைக்கப்பட்டன. அவை நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பொருத்தப்பட்டவை. காவலை இயந்திரத்திடம் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது வேலை செய்கிறதா என்று வண்டிக்காரருக்குத் தெரிய ஒரு வழி வேண்டாமா? மாடல் டி காரில் 1919இல் இருந்த அம்மீட்டர் முள் தந்த தகவலை, பதினைந்து அங்குலத் திரையுள்ள காரில் பெரும்பாலும் காண முடிவதில்லை. 12.6 வோல்ட்டா, 12.2 வோல்ட்டா, 11.8 வோல்ட்டா என்று ஒரு எண்ணைக் காட்ட எந்தப் புதுக் கருவியும் தேவையில்லை. காரின் கணினிக்கு அந்த எண் ஏற்கெனவே தெரியும்.

வண்டிக்காரர் கவனமாக இருந்தால் போதும், இதெல்லாம் உரிமையாளரின் பொறுப்பு என்று சொல்பவர்களுக்கு என் பதிலும் இதுதான். கண்ணுக்குத் தெரியாததை யாரும் கவனிக்க முடியாது. சார்ஜரில் செருகி வைத்துவிட்டால் இரண்டு பேட்டரியும் நிரம்பியிருக்கும் என்று நம்புவது இயல்பு. ஆனால் சில கார்களில் பெரியது நிரம்பியதும் சார்ஜ் நின்று கான்டாக்டர் திறந்துகொள்ளும், செருகியிருந்தும் சின்னது பட்டினி கிடக்கும். கதவுப் பூட்டும் பானெட் பூட்டும் மின்சாரத்தில் இயங்கும் கார்களில், செத்த பேட்டரியை அடைவதே பெரும்பாடு. டெஸ்லா மாடல் 3இல் முன்பக்க இழுவைக் கொக்கி மூடிக்குப் பின்னால் இரண்டு கம்பிகளை வைத்து, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து முன்மூடியைத் திறக்கும் வழி செய்திருக்கிறார்கள். பிரியஸில் டிக்கிக்குள் கிடக்கும் பேட்டரிக்குப் பானெட்டுக்குள் தனி இணைப்பு முனை கொடுத்தார்கள். இது நடக்கும் என்று தெரிந்து செய்த ஏற்பாடுகள் இவை. நல்ல வேளையாக, எஞ்சினைச் சுழற்ற வேண்டியதில்லை என்பதால் சிறிய ஜம்ப் ஸ்டார்ட் கருவியே மின்சாரக் காரை எழுப்பிவிடும்.

கத்திரி வெயிலில் நிறுத்தும் நம் ஊர்க் காருக்கு ஐரோப்பியக் கையேட்டின் நாள் கணக்கு பொருந்தாது, வெப்பத்தில் ஈய பேட்டரி விரைவாக இறங்குவதோடு விரைவாக மூப்பும் அடையும். நெடுநாள் வெளியூர் போகிறவர் வீட்டில் ஒருவரிடம் சொல்லி, வாரம் ஒருமுறை காரை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் வைத்திருக்கச் செய்யலாம். மாதக்கணக்கில் போவதென்றால், கையேடு அனுமதித்தால், சின்ன பேட்டரிக்கென்றே விற்கும் தானியங்கிச் சார்ஜரை மாட்டிவிட்டுப் போகலாம். செயலியை அடிக்கடி திறந்து பார்க்காமல் இருந்தாலே பாதிச் சுமை குறையும். இவையெல்லாம் இருக்கும் காருக்கு. புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டு முடித்ததும் இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த வண்டி நிற்கும்போது 12 வோல்ட் பேட்டரியை எது பார்த்துக்கொள்கிறது, எத்தனை நாள் வரை பார்த்துக்கொள்ளும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.